எஞ்சின் அறையில் இடம் மாறிய ஒல்ரனேற்றர்: ஒரு மொறிஸ் மைனர் கற்றுத்தந்த பாடம்

வவுனியாவில் ஒரு கலியாண வீடு முடித்து ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு ஒன்பது மணி தாண்டியிருக்கும். பரந்தன் சந்தி கழிந்து ஆனையிறவை நெருங்கும்போது, முன்விளக்குகள் மெல்ல மெல்ல மங்கத் தொடங்கின. ரப்பர் எரிவது போன்றதொரு மணம் காருக்குள் வந்தது. வீதியோரம் நிறுத்திப் பொனற்றைத் தூக்கினேன். ஒல்ரனேற்றரிலிருந்து பற்றரிக்குப் போகும் தடித்த வயரின் மேலுறை உருகி, உள்ளே செம்பு கம்பி சிவந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே கார்பரேற்றர். அதற்குள் பெற்றோல்.

என்னுடையது இரண்டு கதவு மொறிஸ் மைனர். முன் ஆசனத்தை மடித்தால்தான் பின்னால் இருப்பவர் இறங்கலாம். பின்னால் இருந்தது அம்மா. வயது எழுபத்தெட்டு. அவவை இறக்குவதா, பற்றரியைக் கழற்றுவதா என்று ஒரு கணம் தடுமாறினேன். மனைவி அம்மாவைப் பிடித்து இறக்க, நான் பின்பெட்டியில் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் 10 மில்லிமீற்றர் ஸ்பனரைத் தேடினேன். அது கிடைத்து, பற்றரி முனையைக் கழற்றும்வரை போன நேரம் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடவாக இருக்கலாம். எனக்கு அது ஒரு மணித்தியாலம்.

தீ பிடிக்கவில்லை. ஆனால் பிடித்திருக்கலாம். அதற்கான காரணத்தைத் தேடிப் போனபோதுதான், பழைய காரின் எஞ்சின் அறைக்குள் ஒரு பொருளை இடம் மாற்றுவது எவ்வளவு யோசிக்க வேண்டிய வேலை என்று விளங்கியது. எங்களுடைய பக்கத்தில் இன்னமும் மைனர்களும், ஒஸ்ரின் ஏ40களும், கேம்பிரிட்ஜ்களும் ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதற்காக, நான் பிழைவிட்டுக் கற்றதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

டைனமோ ஏன் போனது?

மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த கார். 1952இலிருந்து அதற்கு ஏ-வரிசை எஞ்சின் வந்தது. முதலில் 803 சிசி, 1956இல் 948 சிசி, 1962இல் 1098 சிசி. என்னுடையது கடைசி வகை. அப்பா வாங்கியது. பொருளாதாரத் தடைக் காலத்தில், தொண்ணூறுகளில், கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய எத்தனையோ யாழ்ப்பாணத்துக் கார்களில் இதுவும் ஒன்று.

இந்தக் கார்களில் மின்சாரம் தருவது டைனமோ. மைனரில் இருந்தது லூக்காஸ் சி40 வகை. அதன் உச்ச வலு 22 அம்பியர். எஞ்சின் மெதுவாக நின்று இயங்கும்போது டைனமோ அநேகமாக ஒன்றும் தராது. அந்த நேரத்தில் பற்றரிதான் எல்லாச் சுமையையும் சுமக்கும். குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. மிதிக்கும் வேகம் குறைந்தால் பாட்டும் குறையும்.

ஒல்ரனேற்றரின் வேலை வேறு விதம். டைனமோவில் சுழலும் பாகத்திலிருந்துதான் முழு மின்னோட்டமும் காபன் கட்டைகள் வழியாக வெளியே வரவேண்டும். ஒல்ரனேற்றரில் முழு மின்னோட்டமும் அசையாத வெளிச்சுற்றில் பிறக்கிறது. சுழலும் பாகத்துக்கு மிகச் சிறிய மின்னோட்டம் மட்டும் போகும். அதனால் அதை அதிக வேகத்தில் சுற்றலாம். சிறிய புல்லி போடலாம். எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் போதிய மின்சாரம் வரும். அதிலிருந்து வரும் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கச் சிலிக்கன் டயோட்டுகள் வேண்டும். அவை மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகே ஒல்ரனேற்றர் கார்களுக்கு வந்தது. அமெரிக்காவில் கிறைஸ்லர் நிறுவனம் 1960இல் வலியன்ற் காரில் அதைப் போட்டது. பிரிட்டிஷ் கார்களுக்கு அது பரவலாக வந்தது அறுபதுகளின் கடைசியில்.

என் காரின் தேவையை ஒருமுறை கணக்குப் பார்த்தேன். கலசன் பல்ப் போட்ட இரண்டு முன்விளக்குகளும் தாழ்த்திய நிலையில் ஒன்பது அம்பியர். சிறு விளக்குகள் இரண்டு. மழைத்துடைப்பான் மூன்று. எஞ்சினின் தீப்பொறிக்கு நான்கு. பெற்றோல் பம்ப், வானொலி, கைத்தொலைபேசிச் சார்ஜர் எல்லாம் சேர்த்தால் இன்னும் இரண்டு, மூன்று. மாரி இரவில் இருபது அம்பியரைத் தாண்டிவிடும். 22 அம்பியர் டைனமோவுக்கு அது விளிம்பு. சந்தியில் நின்றால் விளிம்புக்கு அப்பால்.

ஆகவே டைனமோவை மாற்றியது பிழையான முடிவு இல்லை. பகலில் மட்டும் ஓடுகிற, கண்காட்சிக்குப் போகிற கார் என்றால் டைனமோவே போதும். அதுதான் அந்தக் காரின் உண்மையான உறுப்பும்கூட. இரவிலும் மழையிலும் ஓடவேண்டிய கார் என்றால் ஒல்ரனேற்றர் நல்லது. எனக்கு நடந்த பிழை, அதை வைத்த இடத்தில்.

வெறுமையாகத் தெரிந்த இடம்

சாரதி ஆசனத்தில் இருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏ-வரிசை எஞ்சினின் வலப்பக்கத்தில் டைனமோவும் டிஸ்ரிபியூற்றரும் இருக்கும். இடப்பக்கத்தில் கார்பரேற்றரும், புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் மனிபோல்ட்டும் இருக்கும். வலப்பக்கம் குளிர்ந்த பக்கம். இடப்பக்கம் சூடும் பெற்றோலும் உள்ள பக்கம். இதை வடிவமைத்தவர்கள் மின்சாரச் சாமான்களை ஒரு பக்கமாக ஒதுக்கியிருக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு கராஜில் கொடுத்து டைனமோவைக் கழற்றி, ஜப்பான் வாகனமொன்றின் பழைய ஒல்ரனேற்றரைப் போடுவித்தேன். அதன் உடல் அகலம். டைனமோவோ ஒல்லியான நீளமான சாமான். அகலமானது வலப்பக்கத்துத் தாங்கியில் இருக்கவில்லை. கராஜ்காரர் எஞ்சின் அறையைச் சுற்றிப் பார்த்தார். இடப்பக்கம் முன்மூலையில், கீழே, கொஞ்சம் வெளி இருந்தது. ஒரு இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, அங்கே பூட்டித் தந்தார். பெல்ற் ஓடியது, விளக்கு எரிந்தது. நானும் சந்தோசமாகக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறகு வந்த தொல்லைகளை நான் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. விளக்கைப் போட்டால் பெல்ற் கீச்சிடும். இறுக்கினால் சத்தம் நிற்கும். இரண்டு வருடத்துக்குள் தண்ணீர்ப் பம்பின் பெயரிங் இரண்டு தரம் போனது. இரும்புத் தகட்டில் ஒரு வெடிப்பு வந்தது, வெல்டிங் செய்தோம். கடைசியில் வயர் உருகியது. எல்லாமே ஒரே காரணத்தின் பிள்ளைகள்.

ஆனையிறவுச் சம்பவத்துக்குப் பிறகு, கொக்குவிலில் பழைய கார்கள் மட்டும் திருத்துகிற ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பொனற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: “தம்பி, இடம் கிடக்குதெண்டு சாமானை வைக்கேலாது. சாமானுக்கு என்ன வேணுமெண்டு முதல்ல கேக்கவேணும்.”

ஒல்ரனேற்றருக்கு என்ன வேண்டும்? நேரான பெல்ற், அசையாத தாங்கி, போதிய வயர், குளிர்ந்த காற்று. இந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெல்ற்

மைனரில் ஒரே பெல்ற்தான் மூன்று புல்லிகளைச் சுற்றி ஓடுகிறது. கீழே கிராங்க் புல்லி, மேலே தண்ணீர்ப் பம்பும் விசிறியும், பக்கத்தில் டைனமோ அல்லது ஒல்ரனேற்றர். பெல்ற் போனால் விளக்கு மட்டும் போகாது, தண்ணீரும் சுற்றாது. சில நிமிடங்களில் எஞ்சின் கொதிக்கும். ஆகவே ஒல்ரனேற்றரை எங்கே வைப்பது என்ற கேள்வி, எஞ்சினின் உயிரையும் தொடுகிற கேள்வி.

முதலில், மூன்று புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். ஒரு நேரான இரும்புச் சட்டத்தைக் கிராங்க் புல்லியின் முகத்தில் வைத்து, ஒல்ரனேற்றர் புல்லிவரை நீட்டிப் பார்க்கவேண்டும். புல்லிகளின் விளிம்புத் தடிப்பு வித்தியாசமாக இருக்கலாம் என்பதால், பெல்ற் ஓடும் பள்ளத்தின் நடுவையே ஒப்பிடவேண்டும். ஒரு மில்லிமீற்றருக்குள் வந்தால் நல்லது. கூடினால் பெல்ற்றின் ஒரு பக்கம் தேய்ந்து கறுப்புத் தூள் கொட்டும். என் காரில் நான்கு மில்லிமீற்றர் விலகியிருந்தது.

இரண்டாவது, பெல்ற் புல்லியை எவ்வளவு தூரம் அணைத்து நிற்கிறது என்பது. புல்லியின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கையாவது பெல்ற் தொடவேண்டும். என் காரில் ஒல்ரனேற்றர் எஞ்சினோடு ஒட்டி, கிராங்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் இடைப்பட்ட கோட்டுக்கு மிக அருகில் இருந்தது. பெல்ற் அதன் புல்லியைத் தொட்டும் தொடாமலும் போனது. விளக்கைப் போட்டுச் சுமை ஏறியதும் வழுக்கிக் கீச்சிட்டது. அதை நிறுத்த நான் பெல்ற்றை மிதமிஞ்சி இறுக்க, அந்த இழுவை தண்ணீர்ப் பம்பின் பெயரிங்கைத் தின்றது.

மூன்றாவது, பெல்ற்றின் தளர்ந்த பக்கமும் இறுகிய பக்கமும். காரின் முன்னால் நின்று பார்த்தால் இந்த எஞ்சின் கடிகாரமுள் திசையில் சுற்றும். கிராங்க் புல்லி பெல்ற்றைத் தன் பக்கம் இழுப்பது எஞ்சினின் இடப்பக்கத்தால். அந்தப் பக்கம் இறுகி நிற்கும். வலப்பக்கத்தால் பெல்ற் கிராங்கை விட்டு மேலே போகிறது. அந்தப் பக்கம் தளர்வு. டைனமோவை வலப்பக்கத்தில் வைத்ததால் அதன் தாங்கிக்குச் சுமை குறைவு. இடப்பக்கம் மாற்றியபோது முழு இழுவையும் தாங்கியில் விழுந்தது. தகடு ஏன் வெடித்தது என்பதற்கு விடை அதுதான்.

நான்காவது, புல்லியின் வகையும் அளவும். மைனரில் ஓடுவது ஒற்றை ஆங்கில ‘வி’ வடிவ பெல்ற். இப்போதைய ஜப்பான் ஒல்ரனேற்றர்கள் பலவற்றில் பல வரிப் பள்ளமுள்ள தட்டைப் புல்லி இருக்கும். அது பொருந்தாது, மாற்றத்தான் வேண்டும். தண்டின் தடிப்பு பெரும்பாலும் 15 அல்லது 17 மில்லிமீற்றர். அளந்து பார்த்துப் புல்லி வாங்குங்கள். கிராங்க் புல்லியின் விட்டத்தை ஒல்ரனேற்றர் புல்லியின் விட்டத்தால் வகுத்தால், எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒல்ரனேற்றர் எத்தனை சுற்று என்று தெரியும். இரண்டு மடங்கு என்றால் மைனருக்குப் போதும்.

பெல்ற்றின் நீளத்தைக் கடைக்குப் போய் ஊகிக்க வேண்டாம். ஒல்ரனேற்றரைச் சரிசெய்யும் பட்டையின் நடுவில் நிறுத்தி, மூன்று புல்லிகளையும் சுற்றி ஒரு நூலைக் கட்டி அளந்துகொண்டு போங்கள். பூட்டிய பிறகு, மிக நீண்ட பகுதியின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 12 மில்லிமீற்றர், அதாவது அரை அங்குலம், அமரவேண்டும். அதற்கு மேல் இறுக்குவது பெயரிங்குக்குக் குழி வெட்டுவது.

தாங்கி

டைனமோவுக்கு மேலே இரண்டு காதுகள். முன்காது தண்ணீர்ப் பம்பின் உடலிலுள்ள துளையில் பூட்டப்படும். பின்காது எஞ்சின் கட்டையில் உள்ள தாங்கியில் பூட்டப்படும். கீழே, நீள்துளை கொண்ட பட்டை ஒன்று அதை வெளியே இழுத்துப் பிடிக்கும். மொத்தம் மூன்று பிடிகள். சின்ன ஒல்ரனேற்றர் கட்டை உடலாக இருப்பதால், பின்பிடியை விட்டுவிட்டு முன்காதில் மட்டும் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. கொஞ்ச நாளில் தண்ணீர்ப் பம்பின் வார்ப்பிரும்புக் காது உடையும். பிறகு ஒல்ரனேற்றரோடு தண்ணீரும் வீதியில் கிடக்கும்.

நாங்கள் இம்முறை உடல் சிறிய, 45 அம்பியர் ஒல்ரனேற்றர் ஒன்றைத் தேடி எடுத்தோம். அதனால் அதை டைனமோவின் பழைய இடத்திலேயே வைக்க முடிந்தது. பின்தாங்கியைக் கழற்றி, ஒல்ரனேற்றரின் பாதம் சரியாக இருக்கும்படி 6 மில்லிமீற்றர் தகட்டில் புதிதாக ஒன்று செய்தோம். இடைவெளிகளை வோஷர்களை அடுக்கி நிரப்பவில்லை. லேத்தில் கடைந்த ஒரே உருளையைப் போட்டோம். அடுக்கிய வோஷர்கள் நாளடைவில் அமர்ந்து, போல்ற் தளரும்.

இரண்டு விடயங்களை மறக்கவேண்டாம். ஒன்று, தாங்கியை எஞ்சினிலிருந்தே எடுக்கவேண்டும். காரின் உடலில் ஒரு பிடி, எஞ்சினில் ஒரு பிடி என்று வைக்கக்கூடாது. எஞ்சின் ரப்பர் மீது ஆடும், உடல் ஆடாது. இரண்டு, முதலில் மட்டைக் கடதாசியில் ஒரு மாதிரியை வெட்டிப் பார்த்து, ஸ்ரியறிங் தண்டு, டிஸ்ரிபியூற்றர் மூடி, விசிறி இவற்றிலிருந்து குறைந்தது ஒரு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்த பிறகே இரும்பை வெட்டவேண்டும். பொனற்றை மூடிப் பார்க்கவும் வேண்டும். எத்தனையோ பேர் அதை மறந்துவிடுகிறார்கள்.

வயர்

ஒல்ரனேற்றரின் ‘பி’ முனையில் எப்போதும் மின்சாரம் இருக்கும். சாவியை எடுத்தாலும் இருக்கும். ஆகவே எந்த வேலைக்கும் முன்பு பற்றரியைக் கழற்றுங்கள். இது புத்திமதி இல்லை, கட்டாயம்.

இடம் மாறும்போது வயரின் நீளமும் மாறும். பழைய வயரை ஒட்டி நீட்டுவதுதான் வழமையான குறுக்குவழி. அதன் விளைவைக் கணக்காகவே பார்க்கலாம். ஒன்றரை மீற்றர் நீளமான 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 45 அம்பியர் ஓடினால், வழியிலேயே அரை வோல்ற்றுக்குக் கிட்டப் போய்விடும். போன அந்தச் சக்தி வயருக்குள் சூடாகும். அதே நீளத்தில் 6 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ற் அளவில் நிற்கும். என் காரில் நீட்டப்பட்ட வயர் மெல்லியது. உள்ளே தன் சூடு, வெளியே மனிபோல்ட்டின் சூடு. இரண்டுக்கும் நடுவில் பிளாஸ்ரிக் மேலுறை எத்தனை நாளைக்கு நிற்கும்?

அந்தத் தடித்த வயருக்குப் பியூஸ் வேண்டும். பழைய பிரிட்டிஷ் கார்களில் டைனமோ வழிக்குப் பியூஸ் இல்லை. ஒல்ரனேற்றர் வழியில் எங்காவது உறை உரிந்து இரும்பில் தொட்டால், பற்றரி தன்னிடமுள்ள முழு மின்சாரத்தையும் அந்த வழியால் கொட்டும். 45 அம்பியர் ஒல்ரனேற்றருக்கு 60 அம்பியர் பியூஸ் ஒன்றைப் பற்றரிக்குக் கிட்டவாகப் பூட்டினோம். ஆனையிறவில் அந்தச் சின்னச் சாமான் இருந்திருந்தால் நான் ஸ்பனர் தேடியிருக்க வேண்டியதில்லை.

டைனமோவோடு இருந்த ‘கட்அவுட்’ பெட்டிக்கு இனி வேலை இல்லை. ஒல்ரனேற்றருக்குள்ளேயே வோல்ற்றை ஒழுங்குபடுத்தும் பகுதி இருக்கிறது. பெட்டியைத் தோற்றத்துக்காக அப்படியே விட்டு, அதன் ஏ, ஏ1 முனைகளில் வந்த வயர்களை ஒன்றாகச் சேர்த்தோம். டாஷ்போட்டின் சிவப்புச் சார்ஜ் விளக்குக்குப் போகும் வயரை டி முனையிலிருந்து எடுத்து ஒல்ரனேற்றரின் ‘எல்’ முனைக்குக் கொடுத்தோம். அந்தச் சிவப்பு விளக்கு வெறும் அலங்காரம் இல்லை. அதன் வழியாகப் போகும் சிறு மின்னோட்டத்தால்தான் பல ஒல்ரனேற்றர்கள் விழித்தெழுகின்றன. பல்ப் எரிந்துபோனால் ஒல்ரனேற்றர் நன்றாக இருந்தும் மின்சாரம் வராமல் போகலாம்.

ஏர்த்

மைனர்கள் தொழிற்சாலையிலிருந்து வந்தது பற்றரியின் நேர்முனை உடலோடு இணைந்த நிலையில். இப்போதைய ஒல்ரனேற்றர்களுக்கு எதிர்முனைதான் உடலோடு இணையவேண்டும். மாறிக் கொடுத்தால் உள்ளே இருக்கும் டயோட்டுகள் ஒரு நொடியில் போய்விடும். திருப்பும்போது பற்றரி முனைகளோடு, தீப்பொறிச் சுருளின் இரண்டு வயர்களையும் மாற்றிப் பூட்டவேண்டும். அம்பியர் மீற்றர் இருந்தால் அதன் வயர்களும் மாறும். பழைய வானொலியும், டயோட் வைத்த பெற்றோல் பம்பும் திசை பார்ப்பவை. அவற்றை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ரப்பரில் இருப்பதால், அதிலிருந்து உடலுக்கு ஒரு பின்னல் வயர் போகவேண்டும். அது அறுந்திருந்தால் மின்சாரம் வேறு வழி தேடும். பெரும்பாலும் அது சோக் கேபிளாக அல்லது அக்சிலேற்றர் கேபிளாக இருக்கும். கேபிள் சூடாகிப் புகைந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். புதுத் தாங்கிக்கு அழகாகப் பெயின்ற் அடித்திருந்தால், போல்ற் இருக்கும் இடங்களில் அதைச் சுரண்டி இரும்பை வெளியே எடுங்கள். பெயின்ற்றின் ஊடாக மின்சாரம் ஓடாது.

சூடும் மழையும்

செம்புக் கம்பி சூடாகும்போது அதன் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். 80 பாகை ஏறினால் முப்பது சதவீதத்துக்கு மேல். ஆகவே மனிபோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒல்ரனேற்றர், தன் பெட்டியில் எழுதியிருக்கும் அம்பியரைத் தராது. டயோட்டுகளுக்கும் சூடு பகை. வேறு வழியே இல்லாமல் சூடான பக்கத்தில் வைக்கவேண்டி வந்தால், இடையில் ஒரு தகட்டு மறைப்பு வேண்டும். வயரை மனிபோல்ட்டிலிருந்து ஒரு முழமாவது விலக்கி, கவ்விகள் போட்டுக் கொண்டுபோக வேண்டும். பெற்றோல் குழாயோடு சேர்த்துக் கட்டவே கூடாது.

கீழே வைப்பதிலும் ஆபத்து உண்டு. எங்கள் ஊரில் கார்த்திகை, மார்கழியில் வீதியும் வாய்க்காலும் ஒன்றாகிவிடும். முன்சக்கரம் வீசும் தண்ணீரும் மணலும் நேராக ஒல்ரனேற்றரின் காற்றுத் துளைகளுக்குள் போகும். கரையோர உப்புக்காற்று மிச்ச வேலையைப் பார்க்கும். மேலே, வலப்பக்கத்தில், டைனமோ இருந்த இடம் இரண்டுக்கும் தப்பிய இடம்.

ஒல்ரனேற்றரை முன்பின்னாகத் திருப்பி வைக்க நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். எந்தத் திசையில் சுற்றினாலும் மின்சாரம் வரும். ஆனால் அதன் குளிர்விக்கும் விசிறியின் இதழ்கள் சில வகைகளில் ஒரு திசைக்கென்றே சாய்க்கப்பட்டிருக்கும். எதிர்த்திசையில் சுற்றினால் காற்று குறைந்து, அது தானே வெந்துபோகும்.

முடித்த பிறகு பார்க்கவேண்டியவை

ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும். எஞ்சின் நிற்கும்போது நல்ல பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டும். எஞ்சினைக் கிளப்பி, முன்விளக்கு, துடைப்பான் எல்லாம் போட்டு, கொஞ்சம் வேகம் கொடுத்தால் பற்றரி முனைகளில் 13.8க்கும் 14.4க்கும் இடையில் நிற்கவேண்டும். அதே சுமையோடு மீற்றரின் ஒரு கம்பியை ஒல்ரனேற்றரின் ‘பி’ முனையிலும் மற்றதைப் பற்றரியின் நேர்முனையிலும் வையுங்கள். 0.3 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் வயரிலோ இணைப்பிலோ குறை. ஒல்ரனேற்றரின் உடலுக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையில் 0.2க்கு மேல் காட்டினால் ஏர்த்தில் குறை.

அரை மணித்தியாலம் ஓடி வந்து, எஞ்சினை நிறுத்தி, வயரின் முழு நீளத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். எங்காவது சுட்டால் அங்கே பிழை. நூறு கிலோமீற்றர் ஓடியதும் பெல்ற்றையும் எல்லாப் போல்ற்றுகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். புது பெல்ற் கட்டாயம் கொஞ்சம் நீளும்.

இவ்வளவு வேலைக்கும் எங்களுக்கு மூன்று நாள் போனது. மெக்கானிக் அண்ணை பழைய தகட்டுத் தாங்கியைக் கழற்றி என் கையில் தந்தார். வெல்டிங் செய்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மயிர்க்கோடு வெடிப்பு ஓடியிருந்தது. “இதை எறியாதேங்கோ, வீட்டில வையுங்கோ” என்றார். வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் எழுதக் காரணம் யாரையும் குற்றம் சொல்வதற்கல்ல. அந்தக் கராஜ்காரர் கையில் கிடைத்த சாமானை வைத்து, காரை ஓடவைத்துத் தந்தார். தடைக்காலத்தில் எங்கள் ஊரின் அத்தனை கார்களையும் காப்பாற்றியது அதே கெட்டித்தனம்தான். அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கு இருக்கிறது. சின்ன உடல் கொண்ட ஒல்ரனேற்றர் கிடைக்கிறது, தடித்த வயர் கிடைக்கிறது, பியூஸ் கிடைக்கிறது. ஓடினால் சரி என்று விட்டுவிடுவது மட்டும்தான் அந்தக் காலத்திலிருந்து எங்களோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நானும் அப்படித்தான் விட்டேன். பெல்ற் கீச்சிட்டபோது காரணம் கேளாமல் இறுக்கிய கை என்னுடையது.

இப்போது இரவில் விளக்கு வடிவாக எரிகிறது. சந்தியில் நின்றாலும் மங்குவதில்லை. 10 மில்லிமீற்றர் ஸ்பனர் பின்பெட்டியில் இல்லை, டாஷ்போட்டுக்குக் கீழே உள்ள தட்டில், கைக்கெட்டும் இடத்தில் கிடக்கிறது. அம்மா இப்போது முன் ஆசனத்தில்தான் இருப்பா. ஏறியதும் பட்டியைப் போடுவதற்கு முன்பு அந்தத் தட்டில் கைவைத்துத் தடவிப் பார்த்துவிட்டுத்தான், “சரி, எடு” என்பா.